வேண்டுதலும் பராக்கும்: ஒரே வாசலில் வரும் இரண்டு பேர்

கொடைக்கானலில் மார்கழி, தை மாதக் காலையில் பூசை அலமாரிக்கு முன்னால் உட்காருவதே பெரிய காரியம். தரை ஐஸாக இருக்கும். சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பாயை விரித்து, காதை மூடி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் உட்காருவேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து இளக்கினால்தான் விளக்கில் ஊற்ற முடியும். திரியை ஏற்றி, பழனி ஆண்டவர் படத்தைப் பார்த்து, "முருகா" என்று ஆரம்பிப்பேன். மதுரையில் படிக்கிற மகளுக்காக வேண்டுவேன். அவள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போதே போன வாரம் அவளுக்கு வந்த இருமல் நினைவுக்கு வரும். இருமலிலிருந்து விடுதித் தண்ணீர், தண்ணீரிலிருந்து விடுதிக் கட்டணம், கட்டணத்திலிருந்து வங்கி. சட்டென்று பார்த்தால் விளக்கு இங்கே எரிந்துகொண்டிருக்கும், நான் மூஞ்சிக்கல்லில் வங்கி வரிசையில் நின்றுகொண்டிருப்பேன்.

இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு நாள் சொன்னேன். அவருக்குப் பூம்பாறை. அங்கே இன்னும் நிலம் இருக்கிறது, பூண்டு போடுகிறார்கள். அவர் சொன்னார்: "எனக்கும் அப்படித்தாம்மா. சாமி கும்பிட உக்காந்தாத்தான் ஊர்க் கணக்கு பூராம் ஞாபகத்துக்கு வருது. மத்த நேரத்துல உக்காந்து யோசிச்சாக்கூட வராது."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விஷயம் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தனியாக உட்கார்ந்து கடவுளிடம் பேசும்போது மனம் ஏன் ஓடுகிறது? கோயிலில் தீபாராதனையின்போது இவ்வளவு ஓடுவதில்லையே, ஏன்? ஓடினால் அந்தப் பிரார்த்தனை செல்லுமா? இந்தக் கேள்விகளை மனதில் போட்டு உழப்பி, கடைசியில் கும்பிடுவதையே நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். "மனசு ஒட்டாம கும்பிடறதுக்கு, கும்பிடாமலே இருக்கலாம்" என்பார்கள். நேர்மையான பேச்சுதான். ஆனால் அது தவறான முடிவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலையில் எல்லா மதத்தவரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். ஒவ்வொருவரிடமும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. சலேத் மாதா கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர்கள் 'பராக்கு' என்பார்கள். "ஜெபமாலை சொல்லும்போது ஒரே பராக்கு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற பிள்ளையை "என்ன பராக்கு?" என்று அதட்டுவோமே, அதே சொல். பள்ளிவாசல் பக்கம் போனால் 'ஊசலாட்டம்' என்பார்கள். மனம் ஊஞ்சல்போல அங்கும் இங்கும் ஆடுவது. அதற்கு எதிர்ப்பதமாக அவர்கள் வைத்திருக்கும் சொல் 'உள்ளச்சம்'. சைவத்தில் கேட்டால் 'ஒருமை' இல்லை என்பார்கள். வள்ளலார் ஒருமையுடன் நினைக்கிறவர்களின் உறவு வேண்டும் என்று கேட்டுப் பாடியிருக்கிறார். அந்த ஒருமை அவருக்கே கேட்டு வாங்க வேண்டிய அளவுக்கு அரிய பொருளாக இருந்திருக்கிறது.

சரி, மனம் ஏன் ஓடுகிறது?

2010-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இருவர், ஐபோன் செயலி வழியாக 2,250 பேரை நாளின் ஏதோ ஒரு நேரத்தில் திடீரென்று கூப்பிட்டு, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். விடைகளில் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருக்கிறது என்று வந்தது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி. கணவன் மனைவி உறவைத் தவிர வேறு எந்தச் செயலை எடுத்தாலும், குறைந்தது 30 சதவீத நேரம் மனம் அதில் இல்லை. ஆக, பூசையறையில் மட்டும் மனம் ஓடவில்லை. எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காய் நறுக்கும்போது ஓடுவதை நாம் கண்டுகொள்வதில்லை, சாமி முன்னால் உட்காரும்போது கண்டுகொள்கிறோம். அவ்வளவுதான்.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 2001-ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கஸ் ரெய்க்லும் அவருடன் இருந்தவர்களும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். நாம் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. வெளிவேலை எதுவும் கொடுக்காமல் ஒருவரைப் படுக்க வைத்தால், மூளையின் சில பகுதிகள் அப்போதுதான் மும்முரமாகின்றன. வெளியே கவனம் தேவைப்படும் வேலை வந்ததும் அடங்குகின்றன. பின்னர் வந்த ஆய்வுகள் அந்தப் பகுதிகள் என்ன செய்கின்றன என்று துருவின. நான் யார், நேற்று என்ன நடந்தது, நாளைக்கு என்ன ஆகும், அவர் மனதில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்கிற கணக்குகள் அங்கேதான் ஓடுகின்றன. அக்கா சொன்ன 'ஊர்க் கணக்கு' இதுதான். மற்ற நேரத்தில் கையில் வேலை இருக்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்ததும், கதவு திறந்துவிட்டது என்று அந்தக் கணக்குப் பிள்ளை பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

இதோடு நின்றால் தியானத்துக்கும் இதே விளக்கம்தான். பிரார்த்தனைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் உஃபே ஷோட் என்பவரும் அவர் குழுவினரும் 2009-ல் 20 கிறிஸ்தவர்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். ஒரு முறை, மனப்பாடமான 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தைச் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு முறை, தன் சொந்தச் சொல்லில் கடவுளிடம் பேசச் சொன்னார்கள். சொந்தச் சொல்லில் பேசியபோது, எதிரே இருக்கிற ஒரு மனிதரோடு பேசும்போது, அவர் மனதை ஊகிக்கும்போது வேலை செய்கிற பகுதிகள் விழித்துக்கொண்டன. 20 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதிகளின் பட்டியலைப் பார்த்தால், மனம் அலையும்போது மும்முரமாகிற பகுதிகளில் பல இதிலும் இருக்கின்றன.

இதை யோசித்தபோதுதான் எனக்கு என் மகளின் இருமல் விளங்கியது. நான் சாமியிடம் என்ன பேசுகிறேன்? என் பிள்ளை, என் கடன், என் பயம், நாளைக்கு என்ன ஆகுமோ. மனம் அலையும்போது எங்கே போகிறது? என் பிள்ளை, என் கடன், என் பயம், நாளைக்கு என்ன ஆகுமோ. சரக்கு ஒன்றுதான். வேண்டுதலும் பராக்கும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. "அவளைக் காப்பாத்து முருகா" என்பதற்கும் "அவளுக்கு வெந்நீர்ப் பாத்திரம் வாங்கிக் கொடுக்கணும்" என்பதற்கும் நடுவே ஒரே ஒரு வித்தியாசம்தான். முதலாவதில் நான் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இரண்டாவதில் எனக்கு நானே பேசிக்கொண்டிருக்கிறேன். எப்போது திசை மாறியது என்று தெரியாமலே மாறிவிடுகிறது. சம்பந்தமில்லாத நினைப்பாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். சம்பந்தமுள்ள நினைப்பு என்பதால்தான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

கோயிலில் ஏன் குறைவு என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. பழனியில் படியேறி, வரிசையில் நெருக்குப்பட்டு, திரை விலகும்போது மணி அடிக்கிறது, கற்பூரம் எரிகிறது, "அரோகரா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுகிறது. கண், காது, மூக்கு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பிடிக்க அங்கே ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் அது இல்லை. தினமும் சொல்லும் கவசம் நாக்குக்கு நன்றாகப் பழகிவிட்டது, மனதின் துணை இல்லாமலே ஓடும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் இருபது வருடம் வண்டி ஓட்டியவர், பேசிக்கொண்டே ஒவ்வொரு வளைவையும் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கை தானாகத் திருப்பும். "காக்க காக்க" என்று நாக்கு தலையிலிருந்து பாதம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், மனம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். நெடுநாள் பழகியவர்களுக்குப் பராக்கு அதிகம் என்றால், அது பக்திக் குறைவல்ல, பழக்கத்தின் பக்கவிளைவு.

இங்கே நம்மில் பெரும்பாலோர் செய்வது, மனதை அதட்டுவது. "சீ, சாமி முன்னால இதையா நினைக்கிறே?" என்று பல்லைக் கடிப்பது. இது வேலைக்கு ஆகாது என்பதை நம் ஊர்க் கதை எப்போதோ சொல்லிவிட்டது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்புவார். அன்றிலிருந்து மருந்தைக் கையில் எடுத்தாலே குரங்குதான் வந்து நிற்கும். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் இதைக் கிட்டத்தட்ட அப்படியே சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு "இப்போது நினைக்கலாம்" என்று விட்டதும், முதலில் அடக்கியவர்கள், அடக்காதவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஒரு நினைப்பை விரட்ட வேண்டுமென்றால், அது வந்துவிட்டதா என்று மனம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருப்பதும் நினைப்பதுதானே.

இதெல்லாம் போன நூற்றாண்டில் வந்த புதுத் தொல்லை, செல்போன் வந்ததால் வந்த தொல்லை என்று நினைப்பவர்கள் பட்டினத்தாரைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

கையொன்று செய்ய விழியொன்று நாடக் கருத்தொன்று எண்ணப்
பொய்யொன்று வஞ்சக நாவொன்று பேசப் புலால்கமழும்
மெய்யொன்று சாரச் செவியொன்று கேட்க விரும்பும்யான்
செய்கின்ற பூசைஎவ் வாறுகொள் வாய்வினை தீர்த்தவனே

கை ஒன்றைச் செய்கிறது, கண் வேறெதையோ தேடுகிறது, நினைப்பு மூன்றாவது இடத்தில், நாக்கு நான்காவது இடத்தில். ஆறு பேரும் ஆறு பக்கம். ஆராய்ச்சிக்கூடமோ கருவியோ இல்லாமல் ஒருவர் தன்னையே எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள். எனக்கு இந்தப் பாட்டில் பிடித்தது கடைசி அடி. இப்படிப்பட்ட பூசையை நீ எப்படி ஏற்றுக்கொள்வாய் என்று அவர் யாரிடம் கேட்கிறார்? அந்தப் பூசைக்கு உரியவனிடமே கேட்கிறார். மனம் ஒட்டவில்லை என்ற புகாரைச் சொல்லும் அந்த நொடியில் மனம் ஒட்டியிருக்கிறது. பூசையை அவர் நிறுத்தவில்லை. ஓடிய மனதையே கொண்டுவந்து, இதோ பார் என்று முன்னால் வைத்துவிட்டார். பராக்கு அப்படியே வேண்டுதலாகிவிட்டது. நான் மேலே சொன்ன வாசல் இரண்டு பக்கமும் திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

தாயுமானவரும் மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம் என்று அடுக்கிவிட்டு, "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது" என்று முடிக்கிறார். அடங்கியதைப் பெருமையாகச் சொல்ல வந்த பாட்டு இல்லை அது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் மனதைக் காற்றோடு ஒப்பிட்டு, இதைப் பிடிக்க முடியாது என்கிறான். கண்ணன் அதை மறுக்கவில்லை, ஆமாம் கடினம்தான், பழக்கத்தால் முடியும் என்கிறான். அதற்குச் சில சுலோகம் முன்னாலேயே, எங்கெங்கே மனம் ஓடுகிறதோ அங்கங்கேயிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவா என்று வழியும் சொல்லியாகிவிட்டது. ஓடவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை.

மூஞ்சிக்கல்லில் நான் டீ குடிக்கும் கடையில் இருக்கும் பாயிடம் ஒரு மழை நாளில் இதைக் கேட்டேன். "உங்க தொழுகையில எப்படி பாய்? எத்தனை ரக்அத்னு எண்ணணும்ல, நடுவுல மனசு போயிட்டா?" அவர் பால் காய்ச்சிக்கொண்டே சொன்னார்: "போகும்மா. போகும்னு தெரிஞ்சுதானே அதுக்குன்னே சஜ்தா வச்சிருக்கு." ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று. முடித்தது மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால், உறுதியாகத் தெரிந்த குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தொழுகையை முடித்து, மறதிக்காக இரண்டு சஜ்தா, அதாவது நெற்றி தரையில் படும் வணக்கம், செய்ய வேண்டும். நான் அசந்துபோனேன். மனிதன் தொழும்போது மறப்பான் என்பது வழிபாட்டின் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தொழுகை நடுவில் ஷைத்தான் வந்து "இதை நினை, அதை நினை" என்று, அதற்கு முன் நினைவில் இல்லாததையெல்லாம் நினைவூட்டுவான் என்று ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. பூம்பாறை அக்கா சொன்னதும் அதேதான். இன்னொரு ஹதீஸ் எனக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டது. ஒரு நாள் நபிகள் நாயகம் தொழுகை முடிந்ததும் அவசரமாக எழுந்து வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பினார். சுற்றியிருந்தவர்கள் திகைத்தார்கள். வீட்டில் கொஞ்சம் தங்கம் இருந்தது தொழுகையில் நினைவுக்கு வந்தது, அது இரவு முழுக்க நம்மிடம் தங்குவது பிடிக்கவில்லை, பங்கிட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன் என்றார். நினைப்பு வந்தது. தொழுகையை அவர் விடவில்லை, முடித்தார். நினைப்பையும் விடவில்லை, முடித்தார்.

கத்தோலிக்க மரபில் இதை ஆர அமர ஆராய்ந்தவர் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். வாய்ஜெபத்தில் கவனம் மூன்று வகை என்கிறார்: சொல்லைத் தவறில்லாமல் உச்சரிப்பதில் கவனம், பொருளில் கவனம், யாரிடம் பேசுகிறோமோ அவரில் கவனம். மூன்றாவதே முக்கியமானது, படிக்கத் தெரியாதவரும் அதைக் கொள்ள முடியும் என்கிறார். உட்காரும்போது நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்தால், நடுவே அறியாமல் மனம் போனாலும் ஜெபத்தின் பலன் கெடாது. ஆனால் அந்த நேரத்துக்குரிய உள்ளத்தின் ஊட்டம் கிடைக்காது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. செல்லுமா என்ற கேள்வி வேறு, நிறைந்ததா என்ற கேள்வி வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நிறையவில்லை, அதனால் செல்லாது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரேசா, ஜெபத்தின் ஆசிரியை என்றே போற்றப்படுகிறவர். அவரே தன் வரலாற்றில், சில வருடங்கள் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் ஒரு வரி இருக்கிறது: பராக்குகளை வேட்டையாடக் கிளம்பினால் அவற்றின் வலையிலேயே விழுவோம், உள்ளத்துக்குத் திரும்பினால் போதும். பராக்கு நமக்கு எதில் பற்று என்று காட்டிக்கொடுக்கிறது என்றும் அது சொல்கிறது.

பழனி மலைச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் சேருகிற இடம் பெருமாள்மலை. அங்கே 1996-ல் ஆமா சாமி என்ற சேசு சபைக் குரு தொடங்கிய போதி ஜெண்டோ என்ற ஜென் மையம் இருக்கிறது. கிறிஸ்தவக் குரு, ஜப்பானில் கற்ற பௌத்தப் பயிற்சி, முருகன் மலைத் தொடர். ஜென் மரபில் புதிதாக உட்காருபவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி மிக எளியது: மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். நடுவே விட்டுப் போனால் மறுபடியும் ஒன்று. தண்டனை இல்லை, ஏழில் விட்டேனா எட்டில் விட்டேனா என்ற விசாரணை இல்லை. வீட்டில் செய்து பார்த்தேன். முதல் நாள் நான்கைத் தாண்டவே இல்லை. ஆனால் "மறுபடியும் ஒன்று" என்ற அந்தச் சொல், மனதை அதட்டுவதற்கு இத்தனை வருடம் நான் வைத்திருந்த எல்லாச் சொற்களையும்விட மென்மையாக இருந்தது.

அந்த நொடியில் மூளையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப் குழுவினர், தியானத்தில் அனுபவமுள்ள 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மனம் ஓடியது தெரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான்கு கட்டங்கள் தெரிந்தன: ஓடுவது, ஓடியதை உணர்வது, திருப்புவது, நிலைப்பது. ஒவ்வொன்றிலும் மூளையின் வேறுவேறு பகுதிகள் வேலை செய்தன. அனுபவமுள்ளவர்களுக்கும் ஓடியது, அதனால்தான் பொத்தான் அழுத்தப்பட்டது. நம் கையில் இருப்பது முதல் கட்டம் அல்ல, அது தானாக நடக்கிறது. இரண்டாவதும் நாம் கூப்பிட்டு வருவதில்லை, "அடடா" என்று தானாக வருகிறது. மூன்றாவது மட்டும்தான் முழுக்க நம்முடையது. இருபது நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடினால், முப்பது முறை சாமி பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறோம். அந்தக் கணக்கை நாம் போடுவதே இல்லை.

நடைமுறையில் எனக்கு உதவியதைச் சொல்கிறேன். வாய்விட்டுச் சொல்வது முதலாவது. முணுமுணுப்பாக இருந்தாலும் போதும், காது ஒரு காவலாளாகிறது. அப்புறம் நடை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள், கால் வலியும் பாட்டும் சேர்ந்து மனதை வழியிலேயே வைத்திருக்கின்றன. இதே ஊரில் செண்பகனூரில் நெடுநாளாக இயங்கிவரும் சேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், ஜெபம் முடிந்தபின் கால் மணி நேரம் அது எப்படிப் போனது என்று திரும்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கால் மணி எனக்குக் கட்டுப்படியாகாது. எழுந்திருக்கும் முன் ஒரு நிமிடம், இன்று மனம் எங்கெங்கே போனது என்று மட்டும் பார்ப்பேன். ஒரே இடத்துக்கு மூன்று நாள் போயிருந்தால், நான்காம் நாள் அதையே முதல் வேண்டுதலாக வைத்துவிடுவேன். அதற்கப்புறம் அது அவ்வளவாக வந்து தொந்தரவு செய்வதில்லை.

ஓடுகிற மனதைக் கட்டிப்போடாமல் அதற்கு வேலை கொடுப்பதும் ஒரு வழி. திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல், மனதுக்குள்ளேயே கல் கொண்டுவந்து, தச்சரை அழைத்து, அடித்தளம் முதல் சிகரம் வரை சிவனுக்குக் கோயில் கட்டிய கதை பெரியபுராணத்தில் வருகிறது. காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்த அதே நாளில் குடமுழுக்கு. சிவன் மன்னன் கனவில் வந்து, நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார் என்றார். நான் கோயில் கட்டும் அளவுக்குப் போகவில்லை. பழனிப் படிகளை மனதுக்குள் ஏறுவேன். யானைப் பாதையா படிப்பாதையா என்று தேர்ந்தெடுப்பதிலிருந்து ஆரம்பிப்பேன். உச்சிக்குப் போய்ச் சேருவது சில நாள்தான்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கும்பிடும்போது கடவுளைப் பற்றியே அசிங்கமான, பயங்கரமான எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதைக் கழுவ மறுபடி குளிப்பார்கள், மந்திரத்தை முதலிலிருந்து பலமுறை சொல்வார்கள், மணிக்கணக்கில் பூசையறையை விட்டு வெளியே வர முடியாது. அது பராக்கு அல்ல, பாவமும் அல்ல. எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர்கள் சொல்வதன் ஒரு வடிவம் மதம் சார்ந்தும் வரும், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம். பரிகாரம் தேடி அலைவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வீட்டில் அப்படி யாரையாவது பார்த்தால், "மனசை ஒருநிலைப்படுத்து" என்று புத்தி சொல்லாதீர்கள்.

போன பூண்டு அறுவடை முடிந்து, அக்கா ஒரு நாள் காலையில் வெந்தய நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிறு கட்டு மலைப்பூண்டு. "நேத்து கும்பிடும்போது பாதியில எந்திரிச்சுட்டேம்மா" என்றார். பூண்டு ஆய்ந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் கூலி பாக்கி வைத்தது விளக்கின் முன் உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்திருக்கிறது. தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார், போகவில்லை. எழுந்து சரிவிறங்கி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"வந்து பார்த்தா விளக்கு இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் உக்காந்தேன்."

"அப்புறம் மனசு ஒட்டுச்சாக்கா?"

"கொஞ்ச நேரம்" என்றார். பூண்டை அலமாரியின் ஓரத்தில் வைத்துவிட்டு, பால் வாங்கக் கிளம்பினார்.